யார் காசில் ஓடுகிறது என்று பார்: மதுரைக்கு ஒரு கடிதம்

மேரிலாந்து
17 டிசம்பர் 2025

அன்புள்ள சொக்கலிங்கம்,

உன் கடிதம் கிடைத்தது. மார்கழி பிறந்துவிட்டது, விடியுமுன்பே ஒலிபெருக்கி உன்னை எழுப்பிவிட்டிருக்கும். இங்கே காலை 7 மணிக்கும் சூரியனைக் காணோம். அணில்கள் மட்டும் இந்தக் குளிரிலும் வேலைநிறுத்தம் செய்வதில்லை. உன் முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தது நிம்மதி. மாடிப்படி ஏறாதே, பிசியோதெரபியை நிறுத்தாதே.

இனி நீ கேட்ட விஷயம். அடுத்த அக்டோபரில் 30 பேரை அமெரிக்கச் சுற்றுலாவுக்குக் கூட்டி வரலாமா, மறுபடி ஷட்டவுன் (அரசு முடக்கம்) வந்தால் என்ன கதி என்று கேட்டிருக்கிறாய். வரலாம். ஆனால் எந்த இடம் யார் காசில் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு திட்டம் போடவேண்டும். உன் சுற்றுலாத் தொழிலில் இருக்கிற பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

இங்கே நிதியாண்டு அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்குகிறது. அதற்குள் காங்கிரஸ் (இந்த நாட்டு நாடாளுமன்றம்) 12 செலவு மசோதாக்களை நிறைவேற்ற வேண்டும், அல்லது பழைய அளவிலேயே சில வாரங்களுக்குப் பணம் தரும் இடைக்கால மசோதாவையாவது நிறைவேற்ற வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பணம் இல்லை. ஒதுக்காத பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்ற சட்டம் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஆனாலும் பணம் ஒதுக்கத் தாமதமானால் அலுவலகங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தன. 1980-81-இல் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, "பணம் இல்லையென்றால் கதவைச் சாத்து, உயிருக்கும் சொத்துக்கும் காவலாக இருப்பவர்கள் மட்டும் வேலை பார்க்கலாம்" என்ற பொருளில் கருத்துச் சொன்னார். அன்று பிடித்த சனி. நம் ஊரில் பண மசோதா தோற்றால் அரசாங்கமே போய்விடும், அதனால் யாரும் அந்த அளவுக்கு இழுக்கமாட்டார்கள். இங்கே ஜனாதிபதிக்கும் காங்கிரஸுக்கும் பதவிக்காலம் நிச்சயம். யார் முதலில் கண் சிமிட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே உட்காரலாம். அப்படி முடங்கிக்கிடந்தது 1995-96-இல் 21 நாள், 2013-இல் 16 நாள், 2018-19-இல் 35 நாள், இந்த வருடம், 2025-இல், அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள்.

டிவியைப் பார்த்துவிட்டு அமெரிக்காவே மூடிக்கிடக்கிறது என்று உன் வாடிக்கையாளர்கள் பயப்படுவார்கள். மூடுவது மத்திய அரசின் பணத்தில் ஓடுவது மட்டும். உன் பட்டியலையே எடுத்துக்கொள். நியூயார்க்கில் டைம்ஸ் சதுக்கமும் எம்பயர் ஸ்டேட் கட்டடமும் மத்திய அரசுடையது அல்ல. நயாகரா அருவிப் பூங்கா நியூயார்க் மாநிலத்துடையது. சுதந்திரதேவி சிலை மத்திய அரசுடையது. மேற்கே கிராண்ட் கேன்யன் மத்திய அரசு, ஆனால் மான்யுமென்ட் வேலியும் ஆன்டலோப் கேன்யனும் நவாஹோ பழங்குடி நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. பிட்ஸ்பர்க் வெங்கடாசலபதிக்கும் காங்கிரஸ் காசு வேண்டாம், அவர் எப்போதும் தரிசனம் தருவார். அடி விழுவது வாஷிங்டனில்தான், அங்கே இலவசமாகப் பார்க்கிற ஏறக்குறைய எல்லாமே மத்திய அரசுடையது. அதே ஊர்ப்பக்கம் ஜார்ஜ் வாஷிங்டனின் வீடான மவுன்ட் வெர்னனை ஒரு தனியார் பெண்கள் சங்கம் நடத்துகிறது, அது மூடாது. ஆனால் 2013-இல் ஒரு கூத்து நடந்தது. வீடு திறந்திருக்க, வாசலில் இருந்த வண்டி நிறுத்துமிடம் பூங்காத் துறையோடு தொடர்புடையது என்று தடுப்புக் கட்டையைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு எடுத்துவிட்டார்கள். அதனால் இடம் யாருடையது என்று கேட்பதோடு விடாதே, பஸ் நிற்கிற இடம் யாருடையது என்றும் கேள்.

இன்னும் ஒரு படி உள்ளே போனால் எந்த மசோதாவில் எந்த இடம் வருகிறது என்ற கணக்கு இருக்கிறது. தேசியப் பூங்காக்கள், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள், நேஷனல் கேலரி என்ற ஓவியக்கூடம் மூன்றும் உள்துறை-சுற்றுச்சூழல் மசோதாவில் வருகின்றன. இந்த உள்துறை போலீஸ் துறை அல்ல, நிலமும் காடும் பார்க்கிற துறை. விமான நிலையச் சோதனைக்காரர்கள் உள்நாட்டுப் பாதுகாப்பு மசோதாவில், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் போக்குவரத்து மசோதாவில். காங்கிரஸ் கட்டடம், காங்கிரஸ் நூலகம், பக்கத்திலுள்ள தாவரவியல் தோட்டம் எல்லாம் காங்கிரஸின் சொந்தச் செலவு மசோதாவில். 2018-19-இல் அந்த மசோதா முன்பே நிறைவேறியிருந்ததால், எதிர்ச்சாரி அருங்காட்சியகங்கள் பூட்டிக்கிடக்கத் தாவரவியல் தோட்டம் ஜம்மென்று திறந்திருந்தது. 2025-இலும் அப்படித்தான். நவம்பர் 12-இல் கையெழுத்தான சட்டத்தில் காங்கிரஸின் செலவுக்கு 2026 செப்டம்பர் 30 வரை முழுப் பணம் இருந்தது. உள்துறைக்கு 2026 ஜனவரி 30 வரைதான் தந்தார்கள்.

அடுத்து, எது எந்த நாளில் மூடும் என்ற வரிசை. எல்லாம் ஒரே நாளில் மூடுவதில்லை. பூங்காக்களின் தகவல் மையங்கள் முதல் நாளே போய்விடும். நேஷனல் கேலரி இந்த முறை அக்டோபர் 5-ஆம் தேதி மூடியது. ஸ்மித்சோனியன் போன வருட மிச்சப் பணத்தை வைத்து அக்டோபர் 11 வரை ஓட்டி, 12-இல் மூடியது. 2018-19-இலும் இதேபோல் பத்து நாளுக்கு மேல் தாக்குப்பிடித்தது. ஆனால் 2013-இல் முதல் நாளே பூட்டு, அதனால் மிச்சப் பணத்தை முழுக்க நம்பாதே. விமான நிலையங்கள் கடைசி. அங்கே வேலை நிற்பதில்லை, சம்பளம்தான் நிற்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் என்பதால் முதல் தடவை பாதி வரும், அடுத்த தடவை ஒன்றும் வராது. அதற்குப் பிறகுதான் "உடம்பு சரியில்லை" என்ற தொலைபேசிகள் ஆரம்பிக்கும். வாடகை கொடுக்கவேண்டும், குழந்தையைக் காப்பகத்தில் விடக் காசு வேண்டும், சிலர் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

2019 ஜனவரி 25-ஆம் தேதி காலை, கிழக்குக் கரையின் வான்வெளியைப் பார்க்கிற கட்டுப்பாட்டு மையங்களில் ஒரு சிலர் வரவில்லை. அதற்கே நியூயார்க் லகார்டியா விமான நிலையத்துக்கு வரும் விமானங்களை ஆங்காங்கே தரையில் நிறுத்தினார்கள். அன்று மாலைக்குள் 35 நாள் முடக்கம் முடிந்தது. அரசியல்வாதிகள் பூங்காவுக்காக இறங்கிவரமாட்டார்கள், விமானத்துக்காக இறங்கிவருவார்கள். இந்த வருடமும் அதே கதை: நவம்பர் 7 முதல் 40 பெரிய விமான நிலையங்களில் 4 சதவீத விமானங்களைக் குறைக்க உத்தரவு, பிறகு 6 சதவீதம், 10 சதவீதத்தை எட்டுமுன் சமரசம். வெட்டு விழுந்தது உள்நாட்டு விமானங்களில். சென்னையிலிருந்து வந்து இறங்குவதில் சிக்கல் இல்லை, இறங்கிய பிறகு மாறுகிற அடுத்த விமானத்தில்தான் சிக்கல். அதனால் எல்லாப் பயணப் பகுதியும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கினால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. காலை முதல் விமானத்தைப் பிடி, தாமதம் பகலில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். நியூயார்க்-வாஷிங்டனுக்கு விமானமே வேண்டாம். ஆம்ட்ராக் ரயில் சுமார் மூன்றரை மணி நேரம், முடக்கத்திலும் ஓடும். விமானத்தைக் கம்பெனி ரத்து செய்து, மாற்று விமானத்தையும் நீ ஏற்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரவேண்டும், திருப்பித் தராத வகை டிக்கெட்டாக இருந்தாலும் சரி. ஹோட்டல் பணம் இதில் சேராது.

பூங்கா விஷயத்தில் என் கருத்தைச் சொல்கிறேன், நீ ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். முழுக்க மூடிய பூங்காவைவிடப் பாதி திறந்த பூங்கா மோசம். 2013-இல் 401 இடங்களையும் இழுத்து மூடினார்கள். இரண்டாம் உலகப்போர் நினைவிடத்தைப் பார்க்க வந்த வயதான போர்வீரர்களே தடுப்பைத் தாண்டி உள்ளே போகவேண்டியிருந்தது. அந்த அக்டோபரில் மட்டும் 79 லட்சம் வருகைகள் குறைந்தன என்றும், பூங்காக்களை ஒட்டிய ஊர்களில் 41.4 கோடி டாலர் செலவு விழாமல் போனது என்றும் பூங்காத் துறையே பிறகு கணக்குச் சொன்னது. அந்த வசைக்குப் பயந்து 2018-இல் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஆட்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பாலைவனத்தில் நடந்ததைப் பார். அங்கே கழிப்பறை தண்ணீர்க் குழாய் வைத்தது அல்ல, அடியில் ஒரு தொட்டி, அவ்வளவுதான். லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போனால்தான் அது கழிப்பறை. கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டம், லாரி வரவில்லை, தொட்டி நிரம்பிவிட்டது. உள்ளூர்க்காரர்கள் தாங்களே காகிதமும் துடைப்பமுமாகப் போனார்கள், ஆனால் தொட்டியை அவர்கள் என்ன செய்யமுடியும்? கேட்க ஆள் இல்லாததால் சிலர் பாதையை விட்டு வண்டியைப் பாலைவனத்தில் ஓட்டினார்கள், மரங்களையும் வெட்டினார்கள். அந்த மரம் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். சுத்தம் செய்ய நுழைவுக் கட்டணச் சேமிப்பை எடுத்தார்கள். அதுவும் சட்டமீறல் என்று தணிக்கை அலுவலகம் பிறகு சொன்னது.

இந்த வருடமும் சாலை திறந்து, கட்டடம் பூட்டு என்ற முறைதான். நுழைவுக் கட்டணமும் பெரும்பாலும் வாங்கவில்லை. இலவசம் என்று சந்தோஷப்படாதே. 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் நிறைந்த பஸ்ஸுக்குக் கழிப்பறைதான் முதல் கேள்வி. பூங்காவுக்குள் நுழையும் முன் வெளி ஊரில் எங்கே நிறுத்தலாம் என்று ஓட்டுநரிடம் கேட்டுக் குறித்துக்கொள்.

மாநிலங்கள் சில சமயம் தம் காசைப் போட்டுத் திறந்து வைக்கும். 2013-இல் கிராண்ட் கேன்யனை முழுதாகத் திறக்க அரிசோனா நாளொன்றுக்கு 93,000 டாலர் கட்டியது, சுதந்திரதேவி சிலைக்கு நியூயார்க் 61,600 டாலர். 2018-19-இல் அதே அரிசோனா குப்பை, கழிப்பறை, பனி அகற்றலுக்கு மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 9,000 டாலரில் முடித்துக்கொண்டது. திறந்திருக்கிறது என்று செய்தி வந்தால் 93,000 டாலர் திறப்பா, 9,000 டாலர் திறப்பா என்று விசாரி. அரசு ஊழியர்களுக்குப் பிறகாவது பழைய சம்பளம் வரும், 2019-இல் அதற்குச் சட்டமே போட்டார்கள். பூங்கா வாசலில் அறை சுத்தம் செய்கிற பெண்ணுக்கும் உணவக ஊழியருக்கும் போனது போனதுதான். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

உனக்குப் பிடித்த உதிரிச் செய்திகள் இரண்டு. 1995-இல் நேஷனல் கேலரியில் டச்சு ஓவியர் வெர்மீரின் 21 ஓவியங்களை ஒன்றாக வைத்திருந்தார்கள், அவருடையதாக உலகத்தில் இருப்பதே சுமார் 35. முடக்கம் வந்து கண்காட்சி மூடியது, கடைசியில் தனியார் பணத்தில் அந்தப் பகுதியை மட்டும் திறந்தார்கள். 2018 டிசம்பரில் வாஷிங்டன் நகரில் கல்யாணப் பதிவே நின்றுபோனது, அந்த ஊர் நீதிமன்றம் மத்திய அரசுப் பணத்தில் ஓடுவதுதான் காரணம். நகர சபை அவசரச் சட்டம் போட்டு ஜோடிகளைக் காப்பாற்றியது.

விசாவைப் பற்றிக் கவலை வேண்டாம். சுற்றுலா விசா விண்ணப்பதாரர் கட்டும் கட்டணத்திலேயே ஓடுகிறது, சென்னைத் துணைத் தூதரக நேர்காணல் பொதுவாக நடக்கும். எச்-1பி-க்குத் தொழிலாளர் துறை தரும் சான்றுதான் நிற்கும். ஆனால் புதுச் செலவு ஒன்று உண்டு: 2026 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவருக்குப் பூங்கா வருடச் சீட்டு 250 டாலர். அது இல்லாமல் கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி, யெல்லோஸ்டோன் உட்பட 11 பூங்காக்களுக்குள் போனால் 16 வயது நிறைந்தவருக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல். பஸ் குழுவுக்கு இது எப்படி என்று பஸ் கம்பெனியிடம் எழுத்திலேயே கேட்டு வாங்கு.

தேதி என்று கேட்டால் செப்டம்பர் இரண்டாம் வாரம் வந்து 28-க்குள் திரும்பிவிடுவது உத்தமம். இலை நிறம் மாறுவதைப் பார்த்தே தீரவேண்டும் என்று உன் ஆட்கள் பிடிவாதம் பிடித்தால், செப்டம்பர் கடைசியில் இறங்கி முதல் வேலையாக வாஷிங்டனை முடித்துவிடு. பிறகு வடக்கே நியூ ஹாம்ப்ஷயர் போ. கன்கமாகஸ் மலைச்சாலை மாநிலச் சாலை, காடுதான் மத்திய அரசுடையது. முடக்கம் வந்தாலும் பஸ் போகும், ஓரத்துக் கழிப்பறை பூட்டியிருக்கலாம். முடக்கம் முடிந்தாலும் மறுநாளே எல்லாம் திறக்காது. இந்த முறை நவம்பர் 12 இரவு கையெழுத்து, முதல் அருங்காட்சியகங்கள் 14-இல், மற்றவை 17-க்குள், விமானக் கட்டுப்பாடு நீங்கியதும் 17-இல்தான்.

ஹோட்டல்காரர்கள் குழு ரத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு கேட்பார்கள், காங்கிரஸ் கடைசி ராத்திரி வரை இழுக்கும். அந்த இடைவெளியில்தான் உன் முன்பணம் மாட்டும். வாஷிங்டன் அறைகளுக்கு மட்டுமாவது ரத்துக் கெடுவை 7 நாளாகக் குறைக்கச் சொல்லி பேரம் பேசு. கொஞ்சம் கூடுதல் வாடகை கேட்டால் கொடுத்துவிடு. இட வரிசையை எழுதி அனுப்பு, எது யாருடையது என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு