காப்புரிமைத் தேதி உற்பத்தித் தேதி ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சேஃப்டி ரேசர்களுக்கு இணையத்தில் இலட்சக்கணக்கில் விலை கிடைக்கிறது என்றும், தாத்தா காலத்து ஷேவிங் செட் பரணில் கிடந்தால் அது புதையல் என்றும் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. பதினெட்டு ஆண்டுகளாகப் பழைய ஜில்லெட் ரேசர்களைத் தேடி வாங்கிச் சேர்ப்பவன், நாள்தோறும் அவற்றில் ஒன்றால்தான் சவரம் செய்துகொள்பவன் என்ற முறையில், அக்கட்டுரையில் கண்ட இரண்டு தவறுகளைச் சுட்ட விரும்புகிறேன். அவை படிப்பவரின் பணத்தையும், அதைவிட எனக்குக் கவலை தரும் விதத்தில், ரேசரையும் கெடுக்கக்கூடியவை.

கட்டுரையுடன் வெளியான படத்தில், ரேசரில் பொறித்திருக்கும் 'நவம்பர் 15, 1904' என்ற தேதியைக் காட்டி, அது அந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று எழுதியிருந்தீர்கள். இந்த ரேசரை உருவாக்கிய கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்த நாள் அது. அந்த நாளைத் தாங்கிய ரேசர்கள் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டே இருந்தன. விற்பனை தொடங்கிய 1903-ல் அவருடைய நிறுவனம் விற்றவை வெறும் 51 ரேசர்கள். மறு ஆண்டே 90,884. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது படைவீரர்களுக்கென்று அந்நாட்டு அரசு வாங்கியவை மட்டும் சுமார் 35 இலட்சம்; போர் முடிந்ததும் அவற்றில் பெரும்பகுதி வீரர்களோடு வீடு போய்ச் சேர்ந்தது. எனவே நூறு வயது ஆகிவிட்டது என்பதாலேயே ஒரு ரேசர் அரிய பொருளாகிவிடாது. உண்மையான வயதை அறிய அதிலுள்ள வரிசை எண்ணைப் பார்க்க வேண்டும். தொடக்க ஆண்டுகளில் வந்த, கைப்பிடியில் இரட்டை வளையம் கொண்ட ரேசருக்கும், பல ஆண்டுகள் கழித்து வந்ததற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. இரண்டுமே மூன்று பாகங்களாகக் கழற்றி மாட்டும் ரேசர்கள்தாம், இரண்டிலும் 1904-ஐப் பார்க்கலாம்.

பிற்கால அமெரிக்க ரேசர்களில் இந்தத் தொல்லை குறைவு. தலையின் அடிப்பாகத்தில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எழுத்து ஆண்டையும் எண் அவ்வாண்டின் காலாண்டையும் குறிக்கும். 'டி4' என்றால் 1958-இன் கடைசிக் காலாண்டு, 'ஈ' என்றால் 1959. சேகரிப்பவர்கள் 'ஃபேட் பாய்' என்று செல்லமாக அழைக்கும், சவரத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க 1 முதல் 9 வரை டயல் உள்ள கனத்த ரேசர் 1958 முதல் 1961 வரை வந்தது. அதே காலத்தில், தலையைத் திறந்து மூட அடியில் இருக்கும் திருகுக்குப் பதிலாகச் சிறு நெம்புகோல் வைத்து வந்த 'டாகிள்' இன்று கையில் கிடைப்பதே அரிது. இங்கிலாந்துத் தயாரிப்புகள் பெரும்பாலானவற்றில் இப்படிப்பட்ட குறி இராது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் என் கண்ணில் படுபவை பெரும்பாலும் இலண்டனுக்கு மேற்கே ஐல்வொர்த்தில் இருந்த தொழிற்சாலையின் சரக்குதான் என்பதால், நம்மூரில் வாங்குபவர் ஆண்டைத் துல்லியமாகச் சொல்லும் விற்பனையாளரைச் சற்றுச் சந்தேகத்துடன் பார்ப்பது நல்லது.

இரண்டாவது தவறு, விற்பதற்கு முன் ரேசரைப் 'பளபளவென்று தேய்த்துப் படம் எடுங்கள்' என்று வாசகர்களுக்குச் சொன்ன அறிவுரை. இதை நான் அனுபவித்தே எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இணையத்தில் 'டி4 ஃபேட் பாய், புத்தம் புதிது போல' என்று விளம்பரம் செய்திருந்ததை நம்பி ஐயாயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன். பெட்டியைத் திறந்ததும் கண்ணைப் பறித்தது. சன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தபோது, கைப்பிடியில் விரல் வழுக்காமல் இருப்பதற்காக வெட்டியிருக்கும் சிறுகட்டங்கள் மெஷினில் பாலிஷ் போட்டதில் மழுங்கியிருந்தன. அடிப்பாகத்து எழுத்துகள் தேய்ந்த ஓரணாவில் ராஜா தலை போல் மங்கிக் கிடந்தன. விளிம்புகளில் நிக்கல் முலாம் போய்ப் பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்த்தது. திருகைச் சுற்றி மூடினால், தலையில் பிளேடை மூடும் இரு கதவுகளில் ஒன்று படிந்தது, மற்றது நகக்கண் அளவு தூக்கி நின்றது. ஒரு ரேசரின் தலையையும் இன்னொன்றின் கைப்பிடியையும் சேர்த்து ஒன்றாக்கி, அந்த ஒட்டுவேலை தெரியாமலிருக்கப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. விற்றவர் பிறகு பதில் அனுப்பவில்லை.

ஏமாற்றும் எண்ணம் இல்லாத வீடுகளிலும் இதேதான் நடக்கிறது. என் தந்தை பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த காலத்தில் வைத்திருந்த தங்க முலாம் பூசிய ரேசரை, ஒரு போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது என் தாயார் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துவிட்டார். அந்த முலாம் மிக மெல்லியது, அன்றே போயிற்று. தெரியாமல் செய்தவரை என்ன சொல்வது? குத்துவிளக்கு நன்றாகவே மின்னியது.

பல பத்தாண்டுகளாக உறைந்த சோப்புக் கறைக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு இரவெல்லாம் ஊறவைத்து, தேய்ந்த பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டினால் போதும். இறுகிப்போன டயலும் அதிலேயே இளகிவிடும். கொதிக்கும் நீரில் போட வேண்டாம். அதற்குப் பிறகும் எஞ்சும் கருமையை அப்படியே விட்டுவிடுவதுதான் சரி, ஏனென்றால் சேகரிப்பவர் தேடுவது கை படாத முலாமையும், தெளிவான எழுத்துகளையும், முடிந்தால் உடன் வந்த பெட்டியையும்தான். வாங்குபவர்கள் தலையின் அடிப்பாகத்தைக் காட்டும் படத்தையும், கதவுகள் மூடிய நிலையில் இரு பக்கப் படங்களையும் கேட்டு வாங்க வேண்டும். சீப்புப் போன்ற பற்கள் உள்ள பழைய வகையானால் ஒவ்வொரு பல்லும் நேராக இருக்கிறதா என்றும், உருண்டை நுனி உள்ள குழாய்க் கைப்பிடியில் நெடுக்குவாட்டில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். விரிசல் உள்ள கைப்பிடி நாலு முறை இறுக்கித் திருகினால் பிளந்துவிடும்.

இவ்விரண்டையும் திருத்தி ஒரு குறிப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அக்குறிப்போடு அதே ரேசரை வரிசை எண் தெரியும்படி படமெடுத்துப் போட்டால், அது எந்த ஆண்டினது என்று பார்த்து நானே எழுதி அனுப்புகிறேன். அதன் உரிமையாளர் அதுவரை புளியைத் தொடாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி