பகானுக்குப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. டிசம்பரில் நான்கு நாள் மியான்மரின் பழைய கோயில் நகரமான பகானில் தங்கப்போவதாக எழுதியிருக்கிறாய். "எதைப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள், எப்படிப் பார்க்க வேண்டும் என்று நீ சொல்" என்று கேட்டதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

யுனெஸ்கோ 2019 ஜூலையில் பகானை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது கணக்கில் வந்த சின்னங்கள் 3,595. நாளுக்கு இருபது வீதம் பார்த்தாலும் ஆறு மாதம் ஆகும். ஆகையால் எண்ணிக்கையை மறந்துவிடு. உன் முன்னால் நிற்கும் செங்கல் சுவரில் எது பழையது, எது முப்பது வருடத்துக்கு முன் அடுக்கியது என்று பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள். அந்தக் கண் வாய்த்துவிட்டால் பத்துக் கோயில் பார்த்தாலே போதும். வாய்க்காவிட்டால் நூறு பார்த்தாலும் அவை ஒரே சிவப்புக் கூம்புகள்தான்.

மதிலைப் பற்றி முதலில். பழைய பகான் மதில் சூழ்ந்த நகரம். மேற்கே ஐராவதி ஆறு மதிலின் ஒரு பகுதியைக் கரையோடு அரித்துக்கொண்டு போய்விட்டது. மற்ற மூன்று பக்கமும் மேடாகவும் சிதைந்த செங்கல் வரிசையாகவும் மிஞ்சியிருக்கின்றன. வெளியே அகழியின் தடம் தெரியும். வாசல்களில் உருப்படியாக நிற்பது கிழக்கே உள்ள தராபா வாசல் ஒன்றுதான். பர்மிய நாளாகமம் இந்த மதிலை 849ஆம் ஆண்டு பின்பியா மன்னர் எழுப்பியதாகச் சொல்கிறது. அகழாய்வு காட்டும் காலம் அதற்குப் பிந்தியது. வாசலின் இருபுறமும் மாடத்தில் இருக்கும் அண்ணனும் தங்கையும் புத்த மதத்துக்கு முந்தைய காவல் தெய்வங்கள். பர்மியர் இவற்றை 'நாத்' என்பார்கள். மக்கள் இன்றும் அங்கே நின்று வணங்கிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

மதிலுக்குள் தட்பின்யு, கௌதோபலின், ஷ்வேகூஜி, மகாபோதி, பிடக நூலகம், நத்லௌங் சௌங் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. ஆனந்தா மட்டும் கிழக்கு வாசலுக்குச் சற்று வெளியே. மதிலுக்குள் குடியிருந்தவர்களை 1990இல் அப்புறப்படுத்தித் தெற்கே புதிய பகானில் குடியமர்த்தினார்கள். கோயில்களைச் சுற்றி இப்போது காணும் வெறுமை பழங்காலத்து வெறுமை அல்ல. அதை நினைவில் வைத்துக்கொண்டு நட.

இனிக் கட்டுமானம். அங்குள்ளவை பெரும்பாலும் இரண்டு வகை. உள்ளே இடமே இல்லாமல் திடமாக அடுக்கிய தூபியை ஸேடி என்கிறார்கள். உள்ளே நுழைந்து வழிபடும் கோயில் கூ. குகை என்ற பொருளில் வந்த சொல் அது. முற்பட்ட கோயில்களுக்குள் போனால் பெயர்க்காரணம் தானே புரியும். 11ஆம் நூற்றாண்டிலும் 12இன் தொடக்கத்திலும் கட்டியவை தாழ்வானவை, இருட்டானவை, சன்னல்கள் செங்கல் அல்லது கல் சல்லடை. பிறகு வாயில்கள் அகன்றன, கட்டடம் இரண்டு நிலையாக உயர்ந்தது, வெளிச்சம் உள்ளே வந்தது. 1113ஐ ஒட்டித் தெற்கே மியின்கபா என்ற ஊரில் எழுந்த குப்யௌக்ஜி கோயிலையும் 1183இன் சூளாமணியையும் ஒரே நாளில் பார்த்தால் எழுபது ஆண்டில் நேர்ந்த மாற்றம் கண்ணில் நிற்கும். (சூளாமணி என்ற பெயர் நமக்கு நாகப்பட்டினத்து விகாரத்தில் பழகிய பெயர்தான்.)

அங்குள்ள வளைவுகள் உண்மையான ஆர்ச்தானா என்று கேட்டிருந்தாய். ஆம், பகான் கொத்தனார்கள் கட்டியது உண்மையான ஆர்ச். அதே காலத்தில் இந்தியக் கோயில்களில் பெரும்பாலும் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிதுக்கி அடுக்கித்தான் கூரையை மூடினார்கள். பகானில் செங்கற்கள் மையத்தை நோக்கிச் சாய்ந்து, ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. நுழைவாயில் வளைவுக்கு எதிரே நின்று கவனி: செங்கலின் ஓரம் தெரியாது, அகன்ற முகம்தான் உன்னைப் பார்த்திருக்கும். அதாவது முழு வளைவும் ஒரு செங்கல் கனமுள்ள வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிச் சேர்த்த கட்டு. ஒவ்வொரு புதிய வளையத்தையும் முந்தைய வளையமே தாங்கிக்கொள்வதால் கனமான மரச் சாரம் தேவைப்படாது. மரத்துக்குத் தட்டுப்பாடான வறண்ட பூமிக்கு ஏற்ற முறை. இதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது: வளையத்துக்கும் வளையத்துக்கும் இடையே பிணைப்புக் குறைவு. அதிர்ச்சி வந்தால் முகப்பு வளையம் தோடு போலப் பிரிந்து முன்னால் விழும். மூலைகளிலும் வளைவின் இடையிடையேயும் மணற்கல் துண்டுகளைச் செருகியிருப்பதைக் காண்பாய். இந்தப் பலவீனத்தை அறிந்தவர்களின் கைவேலை அது.

சாந்து பெரும்பாலும் களிமண்தான். செங்கலுக்கும் செங்கலுக்கும் இடையே சாந்து மிக மெல்லியது. தம்மயாங்ஜி கோயிலில் அந்த இடுக்கில் ஊசி நுழைந்தால் கொத்தனுக்குத் தண்டனை என்ற கதையே உண்டு. கதை எப்படியோ, அங்கே போய் விரலால் தடவிப் பார், அதைவிட நெருக்கமான செங்கல் வேலை பகானில் இல்லை. அதன் உள் சுற்றுப்பாதை முழுவதையும் எப்போதோ செங்கல் இட்டு நிரப்பி மூடிவிட்டார்கள். வெளிச்சுற்றில் மட்டும் நடக்கலாம். சில கோயில்களின் செங்கல்லில் அதைச் சுட்டுக் கொடுத்த ஊரின் பெயர் முத்திரையாகப் பதிந்திருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழும்பித் தெரியும்.

மண் சாந்து எண்ணூறு வருடம் நின்றதற்கு இரண்டு காரணம். மழை குறைந்த வட்டாரம் என்பது ஒன்று. அன்று கட்டடம் முழுவதும் சுண்ணாம்புச் சுதை போர்த்தியிருந்தது என்பது மற்றொன்று. இன்று நாம் ரசிக்கும் சிவப்பு, தோல் உரிந்த உடம்பு. சுதை போன இடத்தில் மேல்தளத்து நீர் இறங்கும், சாந்து கரையும், உள்ளே வெற்றிடம் விழும், அந்தச் சந்தில் வேர் நுழையும். பிறகு ஒரு நிலநடுக்கம் வந்தால் போதும்.

நிலநடுக்கங்கள் வந்தன. 1975 ஜூலை 8 அன்று வந்ததில் கௌதோபலினின் உச்சி சரிந்தது. ஆற்றங்கரையில் பூசணி வடிவில் நின்ற பூபயா உடைந்து ஐராவதிக்குள் போனது. இப்போது நீ பார்க்கப்போவது திரும்பக் கட்டியது. 2016 ஆகஸ்ட் 24 அன்று 6.8 அளவில் வந்ததில் ஏறக்குறைய 400 சின்னங்கள் சேதமாயின. 2025 மார்ச்சில் மண்டலேயைக் குலைத்த பெரிய நடுக்கம் பகானைப் பெரும்பாலும் விட்டுவைத்தது.

2016இன் சேதத்தில் ஒரு பாடம் இருக்கிறது, அதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விழுந்தவற்றில் பெரும்பகுதி உச்சிகள், அவற்றிலும் பல 1990களில் புதிதாக வைத்தவை. அந்தப் பத்தாண்டிலும் அதன் பின்னும் நன்கொடைப் பணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிதைவுகளை, சில இடங்களில் வெறும் செங்கல் மேடுகளைக்கூட, ஊகத்தின்பேரில் முழுக் கோயிலாக எழுப்பினார்கள். சூளாமணியின் சிகரமும் அப்படி மீண்டும் எழுந்ததுதான், 2016இல் நொறுங்கியது. காரணம் எளிது. கீழே பழைய கட்டு, மண் சாந்தில் சற்றே அசைந்து கொடுக்கும். மேலே சிமெண்டில் இறுகிய புதுக் கட்டு அசையாது. இரண்டுக்கும் நடுவே பற்றும் இல்லை. உயரம் கூடக் கூட ஆட்டமும் கூடும், புதியது பழையதை விட்டுக் கழன்றுவிடும். திட ஸேடிகளில் இழப்பு பெரும்பாலும் குடையோடும் முனையோடும் நின்றுபோனது. உள்ளே கூடுள்ள கூ வகைக்குத்தான் அடி அதிகம். முன்மண்டபம் கருவறைத் தொகுதியோடு சேரும் மூட்டில் மேலிருந்து கீழாக ஒரு விரிசலை ஏறக்குறைய எல்லாவற்றிலும் தேடிப்பிடிக்கலாம்.

பழையதையும் புதியதையும் பிரிக்க வழி இது. பழைய செங்கல் ஒரு அடிக்கு மேல் நீளம், தட்டையானது, நிறம் ஒன்றுக்கொன்று மாறும், விளிம்பு தேய்ந்திருக்கும். புதியது சிறிது, ஒரே நிறம், நடுவே சாம்பல் நிறச் சாந்து விரல் கனத்துக்குத் தெரியும். பழைய சுவரில் அங்கங்கே சுதைத் துணுக்கு ஒட்டியிருக்கும். கீர்த்திமுகம் என்ற சிங்க முகம் வாயில் மாலையைக் கவ்விய சுதைப் பட்டை வாசல் தூண்களின் மேல் முழுதாக இருந்தால் அந்தப் பகுதி தப்பிப் பிழைத்தது. ஒவ்வொரு சின்னத்துக்கும் ஓர் எண் உண்டு, ஆனந்தா 2171, சூளாமணி 748 என்று. படம் எடுக்கும் முன் எண்ணைக் குறித்துக்கொள். இல்லாவிட்டால் வீடு திரும்பிய பிறகு எது எந்தக் கோயில் என்று உன்னாலேயே சொல்ல முடியாது.

ஆனந்தாவுக்கு ஒரு காலைப்பொழுது முழுவதையும் கொடு. பகான் மன்னர் கியான்சித்தா கட்டியது, 1105 என்பது வழக்கமான கணக்கு. நான்கு திசைக்கும் நீண்ட முன்மண்டபம், நடுவே திடமான தூண்தொகுதி, அதன் நான்கு முகத்திலும் சுமார் 9.5 மீட்டர் உயரத்தில் நிற்கும் புத்தர்கள். வடக்கே ககுசந்தர், கிழக்கே கோணாகமனர், தெற்கே கஸ்ஸபர், மேற்கே கோதமர். வடக்கும் தெற்கும் மூலப் படிமங்கள், கைகள் மார்பருகே அறவாழி முத்திரையில் இருக்கும். மற்ற இரண்டும் பிற்காலத்தவை. தெற்கு முகத்தைத் தொலைவில் நின்று பார்த்துவிட்டு அடியில் போய் நிமிர்ந்து பார். புன்னகை இறுகிக் கவலையாக மாறும். மேலே சுவரின் கனத்துக்குள் மறைத்த சன்னல் வழியாக முகத்தில் மட்டும் ஒளி விழும்படி செய்திருக்கிறார்கள், அந்தச் சன்னலைத் தேடிப் பார்க்காமல் வராதே. மேற்குப் புத்தரின் காலடியில் மண்டியிட்ட இரண்டு உருவங்கள் மன்னரும் அவருடைய குரு சின் அரகானும். வெளியே அடிப்பீடத்தில் பச்சை மெருகிட்ட சுடுமண் பலகைகள்: மேற்குப் பாதியில் புத்தரின் தவத்தைக் குலைக்க வந்த மாரனின் படை, கிழக்குப் பாதியில் தேவர்கள், அடியில் மோன் மொழிக் குறிப்பு. பலகைகளைத் தொடாதே, மெருகு செதிலாக உரிகிறது.

குப்யௌக்ஜிக்குச் சாயங்காலம் போகாதே, உள்ளே ஒன்றும் தெரியாது. அங்குள்ள ஓவியங்கள் உலர்ந்த சுண்ணப் பூச்சின்மேல் தீட்டியவை. ஈரப் பூச்சில் ஊறிய நிறம் அல்ல என்பதால் தோள்பை உரசினாலே பொடியாக உதிரும். பையை வெளியே வை. ஃபிளாஷ் கூடாது, வெளிச்சம் மென்மையான கைவிளக்கு எடுத்துப் போ. பக்கத்து மியாசேடி வளாகத்தில் நான்கு முகக் கல்தூண் ஒன்று நிற்கிறது: பாலி, பியூ, மோன், பர்மியம், நான்கிலும் ஒரே செய்தி. சாகக் கிடந்த கியான்சித்தாவுக்காக மகன் ராஜகுமாரன் பொன்னால் புத்தர் செய்துவைத்ததைச் சொல்வது. மறந்துபோன பியூ மொழியை 1911இல் படிக்க முடிந்தது இந்தத் தூணின் உதவியால். கல்வெட்டுப் பைத்தியமான உனக்கு இதன்முன் அரைமணி போதாது.

நேரம் இருந்தால் தம்மயாஸிகா. 1196இல் மன்னர் நரபதிசித்து தொடங்கியது, ஐந்து பக்கம் கொண்ட தூபி. ஆனந்தாவில் பார்த்த நான்கு புத்தர்களோடு, இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயருக்கும் ஒரு முகம். சதுரத்தில் பழகிய கை ஐங்கோணத்தைத் தரையில் போட்டு, அதன்மேல் மூன்று அடுக்கு ஏற்றியதை மூலை மூலையாக நடந்து பார்.

சில நடைமுறைகள். இடிந்த சிறு கோயிலானாலும் செருப்பும் காலுறையும் வெளியேதான். பத்து மணிக்கு மேல் செங்கல் தளம் சுடும், புல்வெளியில் நெருஞ்சி போல முள் உண்டு. ஒரு ஈரத்துணி வைத்துக்கொள். பூட்டிய கோயிலின் சாவி பெரும்பாலும் அருகிலுள்ள வீட்டில் இருக்கும், கேட்டால் திறப்பார்கள். இருட்டில் கால் வைக்கும் முன் டார்ச் அடித்துப் பார், கண்ணாடி விரியன் உள்ள ஊர். கோயில் மேல் ஏறுவது இப்போது தடை. அந்தத் தடை நியாயமானது, சூரிய உதயத்துக்கு மண்மேடுகள் அமைத்திருக்கிறார்கள். உள்ளூரில் மின் ஸ்கூட்டர் போதும்; மணல் தடத்தில் பிரேக் பிடிக்காமல் வேகத்தை மட்டும் குறை. ஊருக்குப் போக யாங்கோனிலிருந்து விமானமே நல்லது. சாலைகளின் நிலையைக் கிளம்பும் வாரத்தில் மறுபடி விசாரி.

கடைசியாக, நீ கேட்ட தமிழ்க் கல்வெட்டு. மதிலுக்குள் தட்பின்யுவை ஒட்டி நிற்கும் நத்லௌங் சௌங் திருமாலுக்கான கோயில். நடுத்தூணின் நான்கு முகத்திலும் மாடம், வெளிச்சுவரில் பத்து அவதாரங்களுக்கான இடம், சில காலி. முன்மண்டபம் போய்விட்டது. வடிவம் பர்மியச் செங்கல் வடிவம்தான், நம் விமானத்தை எதிர்பார்த்துப் போகாதே. கல்வெட்டு கிடைத்ததோ தெற்கே மியின்கபாவில், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முதலில் முகுந்தமாலையின் ஒரு வடமொழிச் சுலோகம், பிறகு தமிழ். மலைமண்டலத்து மகோதையர்பட்டினத்து இராயிரன் சிறியானான குலசேகர நம்பி, புக்கமான அரிவத்தனபுரத்து நானாதேசி (பல நாட்டு வணிகர்) விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்குத் திருமண்டபம் செய்து, கதவு இட்டு, அங்கே நின்று எரிய ஒரு நிலைவிளக்கும் கொடுத்ததைச் சொல்கிறது. புக்கம் என்பது பகான், அரிவத்தனபுரம் அதன் மறுபெயரான அரிமர்த்தனபுரம், மகோதையர்பட்டினம் கேரளத்துக் கொடுங்கல்லூர். கொடுங்கல்லூர்க்காரர் ஐராவதிக் கரையில் வைத்த விளக்கு அது. அந்த விண்ணகர் நத்லௌங் சௌங்தான் என்று பலர் சொல்கிறார்கள். கல் கிடைத்த இடத்தைப் பார்த்தால் எனக்கு அதில் தயக்கம் உண்டு. இரண்டு இடத்துக்கும் நடந்து தூரத்தைப் பார்த்துவிட்டு உன் கருத்தை எழுது. நத்லௌங் சௌங்கின் வாசல் நிலையில் கதவுக் குடுமிக்கான குழி இருக்கிறதா என்றும் பார்த்து, அளவு எடுத்து வா.

அன்புடன்,
உன் பழைய நண்பன்