பார்சல் ஏன் ஒரு வாரம் தாமதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

பார்சல் கிடைத்தது என்று தம்பி போட்டோ அனுப்பியிருந்தான். அம்மாவுக்கு முட்டிப்பட்டை அளவாக இருக்கிறதா, பிபி மெஷினில் பேட்டரி போட்டாயிற்றா என்று இரண்டு வரி எழுதுங்கள். "அனுப்பியாச்சுன்னு சொல்லி ஒரு வாரம் கழிச்சுத்தான் அனுப்பியிருக்கா" என்று நீங்கள் அவனிடம் குறைப்பட்டது என் காதுக்கும் வந்தது. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் ஸ்பீக்கரில் போட்டு அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அதனால்தான் கடிதம். படித்துவிட்டு அம்மாவிடம் எவ்வளவு சொல்வது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். அந்தச் சனிக்கிழமை பார்சலைக் கட்டி, டேப் ஒட்டி, பதினொன்றரைக்குப் போஸ்ட் ஆபீஸ் வாசல் வரை போய்விட்டேன். வண்டியைத் திருப்பி உள்ளே விடும்போது இடுப்பில் குத்தியது. துப்பாக்கி. காலையில் கடைக்குப் போகும்போது செருகியது, கழற்ற மறந்துவிட்டேன். சரி, வண்டியிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போகலாமே என்றால் அதுவும் முடியாது. போஸ்ட் ஆபீஸ் என்பது மத்திய அரசின் இடம், கட்டடம் மட்டும் இல்லை, வண்டி நிறுத்தும் இடமும் அதில் சேர்த்தி, அங்கே ஆயுதத்தை மேலே வைத்திருக்கவும் கூடாது, வண்டிக்குள் வைத்திருக்கவும் கூடாது. டெக்சாஸ் கொடுத்த லைசென்ஸ் அந்த வாசலோடு நின்றுவிடும். இந்த விதி சரியா என்று கோர்ட்டில் வழக்காடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வழக்காடட்டும், பச்சை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருக்கிற நான் ஒரு முட்டிப்பட்டைக்காகச் சோதித்துப் பார்க்க முடியாது. அப்படியே வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்து, கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மறுபடி போவதற்குள் பன்னிரண்டு அடித்துக் கவுண்டர் மூடியிருந்தது. அடுத்த வாரம் முழுக்க எனக்குப் பகல் ஷிப்ட். அவ்வளவுதான் கதை.

துப்பாக்கி வாங்கியது உங்களுக்குத் தெரியும். எதற்கு வாங்கினேன் என்பதும் தெரியும், ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் என்னைப் பயமுறுத்திய அந்த ஆளைப் பற்றி அப்போதே சொன்னேன், திரும்ப எழுதவில்லை. நான் நர்ஸ் வேலைக்கு நேராகப் பச்சை அட்டையிலேயே வந்ததால் வாங்க முடிந்தது. எதிர்வீட்டில் இருக்கிற மதுரைக்காரப் பையன் எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறான், அவன் பொதுவாக இதைத் தொடக்கூடாது, வேட்டை லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு மட்டும் ஏதோ விலக்கு உண்டு. ஒரே தெருவில் ஒரே சாம்பார் வாசனைதான், சட்டம் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு.

இங்கே 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதானவர்கள், வேறு தடை எதுவும் இல்லாவிட்டால், லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடக்கலாம். ஆனாலும் நான் 40 டாலர் கட்டி, கைரேகை கொடுத்து, ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து லைசென்ஸ் எடுத்தேன். மூன்று, ஏழு, பதினைந்து கெஜ தூரத்தில் ஐம்பது குண்டு சுட வேண்டும், 250க்கு 175 எடுத்தால் பாஸ். நான் 231. (உங்கள் மகள்தானே.) எடுத்ததற்குக் காரணம் பள்ளிக்கூடம். பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது, அந்த மாநிலத்தின் லைசென்ஸ் உள்ளவர்களுக்கு அதில் விலக்கு. வீட்டிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரு பள்ளிக்கூடம் வருகிற ஊரில் லைசென்ஸ் இல்லாமல் எப்படி வண்டி ஓட்டுவது? சின்னவனைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும் நாளில் நான் அதை எடுப்பதே இல்லை, சட்டம் வண்டிக்குள் வைத்திருக்க விட்டாலும். இதே டெக்சாஸில் யுவால்டி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 2022ல் ஒருவன் சுட்டு 19 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் செத்த பிறகு, கதவைப் பூட்டி விளக்கை அணைத்துச் சத்தம் போடாமல் உட்காரப் பழக்குகிற வகுப்புக்குள் போய்வருகிற பிள்ளை அவன்.

கையில் எடுக்கும் முன் எனக்கு ஒன்று தெரியாது அப்பா. இதைச் சுமப்பதில் பாதி வேலை இதைக் கழற்றி வைப்பதுதான். காலையில் கிளம்பும்போது இன்றைக்கு எங்கெல்லாம் போகிறோம் என்று வரிசையாக யோசிக்க வேண்டும். கோர்ட்டா, கூடாது. ஏர்போர்ட்டில் சோதனை தாண்டிய பக்கமா, கூடாது. ஓட்டுச்சாவடி, கூடாது (எனக்கு இன்னும் ஓட்டு இல்லை, அந்தக் கவலை மிச்சம்). வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கிற சாராயத்தில் வருகிற கடையென்றால் வாசலில் சிவப்பில் பெரிதாக 51 என்று போட்டிருப்பார்கள், அங்கேயும் கூடாது. மற்றபடி கடைக்காரர் விருப்பம். கூடாது என்றால் 30.06 என்ற சட்ட எண்ணோடு ஒரு வாசகம், இங்கிலீஷிலும் ஸ்பானிஷிலும், ஒவ்வொரு எழுத்தும் ஓர் அங்குல உயரத்துக்குக் குறையாமல் எழுதி வைக்க வேண்டும். அது மறைத்து வைத்திருக்கிற லைசென்ஸ்காரர்களுக்கு. வெளியே தெரிய வைத்திருப்பவர்களுக்கு 30.07, லைசென்ஸ் இல்லாதவர்களுக்கு 30.05. சில கடை வாசலில் கண்ணாடியே தெரியாத அளவுக்கு எழுத்து, நம் ரேஷன் கடை போர்டு தோற்றுவிடும்.

வெறுமனே துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் என் லைசென்ஸை அது கட்டுப்படுத்தாது, உள்ளே போகலாம் என்று வாதாடுகிறவர்கள் என் ஆஸ்பத்திரியிலேயே உண்டு. சட்டப்படி பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரி. சரியான போர்டைத் தாண்டிப் போய்விட்டால்கூட 200 டாலருக்குள் அபராதம்தான், வெளியே போ என்று வாயால் சொல்லியும் போகாவிட்டால்தான் பெரிய குற்றம். ஆனால் எனக்கு அந்த வாதம் பிடிக்கவில்லை. கடை அவனுடையது, வேண்டாம் என்று படம் போட்டுச் சொல்கிறான், எழுத்து ஓர் அங்குலம் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளக்கவா முடியும்? ஒன்று வீட்டில் வைத்துவிட்டு வருவேன், இல்லையென்றால் வேறு கடை.

சரி, உள்ளே கூடாது, வண்டியில் வைக்க வேண்டும் என்றால் எப்படி? இங்கேதான் எல்லாரும் தப்புச் செய்கிறார்கள். கடை வாசலில் நிறுத்திவிட்டு, போர்டைப் பார்த்த பிறகு, உட்கார்ந்தபடியே இடுப்பிலிருந்து உருவி சீட்டுக்கு அடியிலோ டாஷ்போர்டு அறையிலோ திணித்துவிட்டுப் போவது. போன மழைக்காலத்தில் எங்கள் எமர்ஜென்சிக்கு ஓர் ஆள் வந்தான். பெயர் ஊர் எதுவும் சொல்லக்கூடாது, இங்கே சட்டம் அப்படி. தொடையில் குண்டு, உள்பக்கமாக நுழைந்து முட்டிக்கு மேலே வெளியேறியிருந்தது, நல்லவேளை பெரிய ரத்தக்குழாயில் படவில்லை. ஜீன்ஸை நான்தான் கத்திரித்தேன். நெற்றியெல்லாம் வியர்வை, "நான் சும்மா எடுத்து வைக்கத்தான் போனேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் அவனைச் சுடவில்லை, அவனும் யாரையும் சுடப் போகவில்லை. சீட் பெல்ட்டுக்கும் சட்டைக்கும் நடுவே விரல் போகக்கூடாத இடத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றைக்குப் பிறகு என் பழக்கத்தை மாற்றிவிட்டேன். இப்போது டிரைவர் சீட்டுக்கு அடியில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது, தம்பியின் பழைய டிபன் பாக்ஸ் அளவு. முறுக்குக் கம்பி ஒன்று சீட்டின் இரும்புக் காலைச் சுற்றிப் போய்ப் பெட்டிக்குள் மாட்டிக்கொள்ளும், தூக்கிக்கொண்டு ஓட முடியாது, குறைந்தபட்சம் சட்டென்று முடியாது. துப்பாக்கியை உறையிலிருந்து உருவுவதே இல்லை. உறையோடு சேர்த்து இடுப்பிலிருந்து கழற்றி, குழல் கீழே பார்க்க, அப்படியே பெட்டிக்குள். உறை இருக்கிறவரை விசை மூடியே இருக்கும், விரல் போக வழியில்லை. இதையும் போகிற இடத்தில் செய்வதில்லை, வீட்டு கராஜில் கதவை இறக்கிவிட்டுச் செய்துவிட்டுத்தான் கிளம்புவேன். பார்க்கிங்கில் குனிந்து எதையோ ஒளித்து வைக்கிறவளை ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தால், நான் உள்ளே போனதும் அவனுக்குக் கண்ணாடியை உடைக்க ஒரு கல் போதும். கூட வேலை செய்கிற ஒருத்திக்கு அப்படித்தான் போனது. பின்கண்ணாடியில் துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருந்தாள், விலாசம் எழுதி வைத்த மாதிரி. போலீஸ் வந்து சீரியல் நம்பர் கேட்டபோது அவளிடம் இல்லை. நான் என்னுடையதை மூன்று இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது நீங்கள் சிரிக்கப் போகிற இடம். ஆஸ்பத்திரிக்குள் கூடாது. 2011லிருந்து இருக்கிற ஒரு சட்டத்தால், வேலைக்காரர்கள் பூட்டிய சொந்த வண்டிக்குள் வைத்திருப்பதைப் பெரும்பாலான முதலாளிகள் தடுக்க முடியாது. ஆக, வண்டியில் பெட்டிக்குள் கிடக்கும். நான் எந்த நடைக்குப் பயந்து வாங்கினேனோ, அந்த இருட்டு பார்க்கிங்கிலிருந்து வாசல் வரைக்குமான நடை, அதை இப்போதும் வெறுங்கையோடுதான் நடக்கிறேன். இல்லை, நடப்பதும் இல்லை. செக்யூரிட்டிக்குப் போன் செய்தால் ஒரு தாத்தா கோல்ஃப் வண்டியில் வந்து ஏற்றிக்கொண்டு போவார். வாங்கும் முன்பே அந்த நம்பர் அடையாள அட்டையின் பின்பக்கத்தில் அச்சடித்துத்தான் இருந்தது.

கோயிலுக்கும் கொண்டுபோவதில்லை. இங்கே பேர்லேண்டில் மீனாட்சி கோயில் இருக்கிறது, உங்களுக்கு வீடியோவில் காட்டியிருக்கிறேன். சதர்லேண்டு ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 2017ல் சர்ச்சுக்குள் ஒருவன் சுட்டு 26 பேர் போனார்கள். 2019ல் சட்டத்தை மாற்றி, போர்டு வைத்தோ சொல்லியோ தடுக்காத வழிபாட்டு இடங்களில் லைசென்ஸ்காரர்கள் வைத்துக்கொள்ளலாம் என்றாக்கினார்கள். கூட வருகிற இரண்டு மூன்று பேர் அதைச் சொல்லி என்னிடம் வாதாடியிருக்கிறார்கள், அவர்கள் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அம்மன் கையில் கிளி, என் இடுப்பில் இது, எப்படி அப்பா விழுந்து கும்பிடுவது? வளைந்தால் குத்துகிறது என்பது வேறு.

ஊருக்கு வரும்போது எந்தப் பையைக் கொண்டுவருவேன் என்று அம்மா கேட்டாளே, அந்த நீலப் பை வராது. சுடப் பழகும் இடத்துக்கு அதைத்தான் எடுத்துப் போகிறேன், அதன் மடிப்புக்குள் ஒரு தோட்டா தங்கிவிட்டால்? 2023ல் மட்டும் இந்த நாட்டு ஏர்போர்ட் சோதனைகளில் 6,737 துப்பாக்கி பிடித்தார்கள், 93 சதவீதத்தில் குண்டு போட்டே இருந்தது. கேட்டால் மறந்துவிட்டேன் என்பார்கள், போஸ்ட் ஆபீஸ் வாசலில் நான் நின்ற நிலையைப் பார்த்தால் பலர் சொல்வது நிஜமாகத்தான் இருக்கும். டெக்சாஸில் லைசென்ஸ்காரர் தெரியாமல் கொண்டுவந்தால் உடனே திரும்பிப் போக விடுகிறார்கள், மத்திய அரசின் அபராதம் தனியாக வரும், ஆயிரக்கணக்கில். சென்னையில் அப்படி இல்லை. பெட்டியில் ஒற்றைத் தோட்டா இருந்தாலும் ஆயுதச் சட்டத்தில் கேஸ், லீவு முழுக்க ஸ்டேஷனும் வக்கீலும்தான். அதனால் தோட்டா வாசனையே படாத புதுப் பை வாங்கிவிட்டேன், சிவப்பு.

இதையெல்லாம் செய்யும்போது உங்கள் ஒற்றைக்குழல் துப்பாக்கிதான் ஞாபகம் வருகிறது. காட்டுப்பன்றிக்கு என்று லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு வருஷத்துக்கு இரண்டு வேட்டு, அதுவும் வானத்தைப் பார்த்து. தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க அதைக் கோணிச்சாக்கில் சுற்றி சைக்கிளில் கட்டுவீர்கள், நான் முன்கம்பியில் உட்கார்ந்து வருவேன். அம்பாசமுத்திரம் ஸ்டேஷனில் ஏட்டையா உங்கள் பெயர் எழுதிய அட்டையை விசைக்கூட்டில் சணலால் கட்டி உள்ளே வைத்துவிட்டு, எனக்கு ஒரு மிட்டாயும் உங்களுக்கு ஒரு ரசீதும் கொடுப்பார். திரும்பி வரும்போது வாய்க்கால் பாலத்தில் நீங்கள் சீட்டியடித்துக்கொண்டு மிதித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இங்கே ஒப்படைக்க ஸ்டேஷனும் இல்லை, ஏட்டையாவும் இல்லை, பூட்டுகிறவளும் நான்தான், ரசீது கொடுக்கிறவளும் நான்தான்.

தேர்தல் வேலையெல்லாம் ஆரம்பித்துவிட்டதாகத் தம்பி சொன்னான். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டீர்களா? ரசீதை இந்த முறையும் அம்மாவின் சேலைப் பெட்டியில் வைக்காதீர்கள், போன தடவை மூன்று நாள் தேடினோம். டிவிக்கு மேலே அந்த மஞ்சள் கவரில் போடுங்கள், முடிந்தால் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் மகள்,
ஹூஸ்டனிலிருந்து