குரல் பதிவு அனுப்பிய தங்கச்சிக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

விழுந்துகிடந்த சேர்வர் எழும்பிவிட்டது. கண் இன்னும் எரிகிறது. என்றாலும் இதை இப்போதே எழுதவேணும், படுத்தெழும்பினால் அடுத்த வேலை இழுத்துவிடும். அந்த இரவுகளில் நடந்தது உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்பக் கிண்டப் போவதில்லை.

முதல் நன்றி அந்தத் தங்கச்சிக்கு, நான் நேரில் கண்டிராத ஒரு பல்கலைக்கழகப் பிள்ளைக்கு. பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். எந்த புரோகிராம் எந்தக் கோப்பைத் திறக்கிறது என்று பிடிக்க, கோப்பைத் திறந்துதா என்று புரோகிராம் கேர்னலிடம் (இயங்குதளத்தின் மையத்திடம்) கேட்கும் ஓபன்அட் சிஸ்டம் கோலின் வாசலில், கேர்னலுக்குள் எட்டிப்பார்க்க உதவும் கேப்ரோப் வைத்து ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ ரெஜிஸ்டர்களை வாசித்துக்கொண்டிருந்தோம். ரெஜிஸ்டர் என்பது செயலிக்குள் இருக்கும் சின்னப் பெட்டி; ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகள், அதாவது ஆர்கியுமென்ட்கள், அதில்தான் வரும். கோப்பின் பெயரைக் காட்டவேண்டிய ஆர்எஸ்ஐயில் குப்பை. ஆர்டிஐயில் எப்போதும் எஃப்எஃப்எஃப்எஃப் என்று தொடங்கும் ஒரு நீண்ட எண். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் படம் எடுத்து அனுப்பினோம். நடுச்சாமம் தாண்டி இந்தக் குரல் வந்தது:

"அண்ணா, நீங்கள் பாக்கிறது சரியான ரெஜிஸ்டர்தான். ஆனா அதுக்குள்ளை கிடக்கிறது ஆர்கியுமென்ட் இல்லை, விலாசம். அந்த விலாசத்துக்குப் போய்ப் பாருங்கோ."

2018இல் வந்த லினக்ஸ் கேர்னல் 4.17இலிருந்து, எக்ஸ்86-64 வகைச் செயலிகளில் சிஸ்டம் கோல் ஃபங்ஷனுக்குக் கையளிக்கப்படுவது ஒரேயொரு பொயின்டர்தான், அதாவது நினைவக விலாசம். பயனரின் ரெஜிஸ்டர்களை அடுக்கி வைத்திருக்கும் பீடீரெக்ஸ் அந்த விலாசத்தில் இருக்கிறது. உண்மையான ஆர்கியுமென்ட்கள் அதற்குள். அங்கேயும் நான்காவதை ஆர்சிஎக்ஸில் தேடக்கூடாது, ஆர்10இல் தேடவேணும். கேர்னலுக்குள் நுழைய வைக்கும் சிஸ்கோல் கட்டளை, திரும்பிப் போகும் விலாசத்தை ஆர்சிஎக்ஸின் மேலேயே எழுதிவிடுகிறது.

விடை இவ்வளவுதான். பிள்ளை அதோடு நிற்கவில்லை. சீஆர் கொப்பியில் கோடு போட்டு, ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்10, ஆர்8, ஆர்9 என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் தமிழில் விளக்கமும் வைத்துப் படம் அனுப்பினார். பீடீரெக்ஸைக் கேர்னல் நினைவகத்திலிருந்தும், கோப்பின் பெயரைப் பயனர் நினைவகத்திலிருந்தும் வாசிக்கவேணும் என்பதற்கு மட்டும் சிவப்புப் பேனை. ஃபங்ஷன் முடியும் நேரத்தில் இந்த ரெஜிஸ்டர்களை நம்பாதீர்கள், தேவையானதை உள்நுழையும்போதே எடுத்து வையுங்கள் என்று அடியில் ஒரு குறிப்பு. நாங்கள் அதைக் கேட்கவேயில்லை! அவருக்கு அந்தக் கிழமை சோதனை என்று பிறகுதான் தெரியவந்தது.

வெள்ளவத்தைக் கடையைப் பூட்டும் நேரத்திலும் கொத்து போட்டுத் தந்த அண்ணை, கொட்டாஞ்சேனையிலிருந்து ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு வந்த நண்பன், பிளேன் டீ ஊற்றியே களைத்த அக்கா, இரவிரவாகத் தொலைபேசியில் நின்றவர்கள், எல்லோருக்கும் நன்றி. உங்களில் யாரையும் மறக்கவில்லை, எழுதத்தான் கை வரவில்லை.

இனி எங்களிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு முதல்நாளே அந்தக் கொப்பிப் பக்கத்தின் பிரதி கொடுப்பேன். இன்னொரு செயலி வகையான ஏஆர்எம்64க்கும் அதேபோல ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். அங்கே சிஸ்டம் கோலின் ஆர்கியுமென்ட்களுக்கு எக்ஸ்0 முதல் எக்ஸ்5 வரை ஆறு ரெஜிஸ்டர்கள். எக்ஸ்0இலேயே திரும்பும் மதிப்பும் வந்து உட்காருவதால் கொஞ்சம் கவனம் வேணும். தங்கச்சி, சோதனை முடியட்டும், அனுப்பிவைக்கிறேன். சிவப்புப் பேனையோடு பாருங்கோ.