செல்விக்கு: உன் ஆற்றுநாட்டுப் படையின் சின்னங்கள் பற்றி

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதமும் நாவலின் தொடக்க அத்தியாயங்களும் வந்து சேர்ந்தன. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே பெரியவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. பள்ளிச் சீருடை சீசன், அதனால் எம்ப்ராய்டரி மெஷின்களுக்கு ஓய்வே இல்லை. மாமாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. ஆனால் உன் கதையில் ஒரு படை வருகிறது, அதற்குச் சின்னங்கள் வரையச் சொல்லியிருக்கிறாய் என்றதும் மனுஷர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ராணுவத்தில் சுபேதாராக ரிட்டயர் ஆனவர் அல்லவா!

நீ கேட்டது எனக்குப் புரிந்தது. சிப்பாயில் தொடங்கிப் பெருந்தளபதி வரை பதினான்கு படிகள், படிக்கொரு சின்னம், மேலே போகப் போக ஒவ்வொன்றாகக் கூட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அதை வரைந்து அனுப்பிவிடலாம். நான் இன்னும் வரையவில்லை. அவ்வளவு ஒழுங்கான வரிசை எந்த உண்மையான படையிலும் இல்லை, செல்வி. படைச் சின்னங்களில் பழைய சண்டைகளும் சமரசங்களும் படிந்து கிடக்கின்றன. உன் படையின் சின்னங்களிலும் அது தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மாமாவின் சட்டையையே எடுத்துக்கொள். தோளில் இரண்டு நட்சத்திரங்கள், அவற்றுக்குக் கீழே சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நாடா. அகாடமியில் பயிற்சி முடித்து இப்போதுதான் வந்து சேர்ந்த லெப்டினன்டுக்கும் அதே இரண்டு நட்சத்திரங்கள்தான். அவருக்கு நாடா கிடையாது. சிப்பாயாகச் சேர்ந்து தலை நரைக்கிற காலத்தில் சுபேதார் ஆனவர், நேற்று வந்த அந்தப் பையனுக்கு சல்யூட் அடிக்க வேண்டும் என்பதை அந்தச் சின்ன நாடா சொல்லிவிடுகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியர்களுக்கென்று தனியாக வைத்த பதவி அது. அன்றைக்கு அதற்கு ‘வைஸ்ராய் கமிஷன்’ என்று பெயர். சுதந்திரத்துக்குப் பிறகு பெயரை மாற்றினார்கள், பதவி அப்படியே நின்றது. 1950-இல் குடியரசானபோது கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது, பிரிட்டிஷ் நட்சத்திரம் போய் ஐந்து முனை நட்சத்திரம் வந்தது. ஆனால் எந்தப் பதவிக்கு எத்தனை என்ற கணக்கு பெரும்பாலும் பழைய கணக்கேதான். நாடு மாறியதும் மாறாததும் ஒரே தோளில் இருக்கின்றன.

அமெரிக்கப் படையில் இன்னொரு வேடிக்கை. அங்கே செகண்ட் லெப்டினன்டுக்குத் தங்க நிறப் பட்டை, அவருக்கு மேலே இருக்கும் ஃபர்ஸ்ட் லெப்டினன்டுக்கு வெள்ளிப் பட்டை. தங்கம் எப்படிக் கீழே போனது? 1917 வரை செகண்ட் லெப்டினன்டுக்குச் சின்னமே கிடையாது, மேலே இருந்தவரிடம் வெள்ளி ஏற்கெனவே இருந்தது. எல்லோருடையதையும் மாற்றுவதைவிடப் புதிதாக வந்தவருக்குத் தங்கத்தைக் கொடுப்பது சுலபமாகப் போயிற்று. இப்படி ஒரு கோணல் உன் படையிலும் இருந்தால் வாசகர் அதை நம்புவார். யாரும் விளக்கம் சொல்லவே வேண்டாம்.

சின்னமே வேண்டாம் என்று முடிவெடுத்த படைகளும் உண்டு. புரட்சி முடிந்த கையோடு ரஷ்யாவில் பதவிகளையும் தோள்பட்டைகளையும் ஒழித்தார்கள். அடுத்து வந்த உள்நாட்டுப் போரில் தோள்பட்டை என்றாலே எதிரி என்று அர்த்தம். அதே தோள்பட்டையை 1943 ஜனவரியில், ஸ்டாலின்கிராட் சண்டை முடியும் தறுவாயில், செஞ்சேனையே திரும்பப் போட்டுக்கொண்டது. அப்பாவின் தோளிலிருந்து பிய்த்து எறியப்பட்டதை மகன் பெருமையோடு தைத்துக்கொள்கிற ஒரு வீட்டை நினைத்துப் பார். சீனாவில் 1965-இல் பதவிச் சின்னங்களை எடுத்துவிட்டார்கள். அதிகாரி, சிப்பாய் எல்லோருக்கும் தொப்பியில் ஒரே சிவப்பு நட்சத்திரம், கழுத்துப்பட்டையில் ஒரே சிவப்புத் துண்டு. ஆனால் அதிகாரியின் சட்டையில் நான்கு பாக்கெட், சிப்பாயின் சட்டையில் இரண்டு! சின்னங்கள் 1988-இல்தான் திரும்பி வந்தன. இடையில் நெடுங்காலம் பாக்கெட்டை எண்ணித்தான் ஆளை அறிந்தார்கள். உன் கதையில் வரும் கலகக்காரர்கள் ‘நம்மில் பெரியவன் சின்னவன் இல்லை’ என்று முழங்குகிறார்களே, அவர்களுக்கு இந்தப் பாக்கெட்டைத் தந்துவிடு.

சின்னத்தை யார் பார்க்க வேண்டும், யார் பார்க்கக் கூடாது என்பதையும் நீ யோசிக்க வேண்டும். முதல் உலகப்போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் அதிகாரிகளின் பதவிச் சின்னம் சட்டைக் கையின் முனையில் பெரிதாக இருந்தது. எதிரியின் துப்பாக்கிக்கு அது வசதியான அடையாளம். பலர் அதை எடுத்துத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்கள். பிரெஞ்சுச் சிப்பாய்கள் 1914-இல் சிவப்புக் கால்சட்டையோடு போருக்குப் போனார்கள். மங்கலான நீல உடை 1915-இல்தான் பரவலாக வந்தது, அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். உன் தளபதி பளபளக்கும் மார்புப் பட்டையோடு படகின் முனையில் நிற்கிறார். ஆற்றங்கரை நாணலுக்குள் வில்லாளிகள் ஒளிந்திருக்கிறார்கள். அவர் அன்று மாலை வரை உயிரோடு இருப்பது எனக்கு உறுத்துகிறது.

நம் பக்கத்து மரபையும் விட்டுவிடாதே. எந்த வேந்தனின் படை என்று தெரிவதற்காகச் சேரர் பனம்பூவும் பாண்டியர் வேப்பம்பூவும் சோழர் ஆத்திப்பூவும் சூடிப் போரிட்டதைத் தொல்காப்பியம் சொல்கிறது. எதிரியின் ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, கவரப் போனால் வெட்சிப்பூ, மீட்கப் போனால் கரந்தை, வென்றால் வாகை. எந்தப் படை, எதற்குப் போகிறது என்பதைத் தலையில் இருக்கும் பூவே அறிவித்துவிடும். படைத்தலைவனுக்கு ‘ஏனாதி’ என்ற பட்டத்தோடு மோதிரமும் தந்தார்கள். பூ வாடிவிடும், அடுத்த போருக்குப் புதிதாகப் பறிக்க வேண்டும். மோதிரம் விரலோடு இருக்கும். இந்த வித்தியாசம் எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

மாமா வேலூர்க்காரர் என்பதால் வேலூர்க் கோட்டையைப் பற்றிப் பேசாமல் இருக்கமாட்டார். 1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்துக்குப் புது உடை விதிகள் வந்தன. நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசை ஒரே மாதிரி இருக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும். மறுத்தவர்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10 அதிகாலையில் கோட்டைக்குள் சிப்பாய்க் கலகம் வெடித்தது. உடை மட்டுமே காரணம் இல்லை. சிப்பாய்களுக்கு வேறு குறைகளும் இருந்தன, திப்புவின் குடும்பமும் அங்கேதான் காவலில் இருந்தது. ஆனால் தீ பற்றிய இடம் தலைப்பாகைதான். நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளைச் சிப்பாய்களும், பிறகு நடந்த பழிவாங்கலில் அதைவிட அதிகமான நம் சிப்பாய்களும் செத்தார்கள். விதிகளைத் திரும்பப் பெற்றார்கள். தளபதி க்ரடாக்கையும் ஆளுநர் பென்டிங்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. எங்கோ ஒரு மேஜையில் வரைந்த உடை, அணிகிறவனின் உடம்பையும் சாமியையும் தொடும். பதினான்கு சின்னங்களையும் நாம் இருவர் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்வதில் எனக்கு இருக்கும் தயக்கம் இதுதான். உன் படையில் இவற்றை யார் முடிவு செய்தார்கள்?

இனி என் யோசனை. உன் நாட்டில் வடகரையும் தென்கரையும் தலைமுறைக் கணக்கில் சண்டை போட்டு, கடைசியில் ஒரே அரசின் கீழ் வந்தன என்று எழுதியிருக்கிறாய். வடகரையார் படகோட்டிகள், தென்கரையார் மலையடிவாரத்தில் உலோகம் உருக்குகிறவர்கள். அப்படியானால் வடகரைப் படையில் பதவியைக் கயிற்று முடிச்சுகள் காட்டியிருக்கும், தென்கரைப் படையில் செப்புத் தட்டுகள். இரண்டும் ஒன்றான பிறகு என்ன செய்திருப்பார்கள்? ‘இரண்டையும் மதிக்கிறோம்’ என்று அறிவித்துவிட்டு, சிப்பாய் முதல் ஏழாம் படி வரை முடிச்சு, எட்டிலிருந்து தட்டு என்று விதி எழுதியிருப்பார்கள். காகிதத்தில் அது சமத்துவம். தோளில் பார்த்தால், வென்றவன் மேலே, தோற்றவன் கீழே.

இப்போது உன் கதாநாயகனைப் பார். வடகரையில் பிறந்தவன், ஏழாம் படியில் நிற்கிறான். பதவி உயர்வு வருகிறது. எட்டுக்குப் போக வேண்டுமென்றால் தாத்தா போட்டுக் கொடுத்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். அந்த அத்தியாயத்தை நீ ஏற்கெனவே பாதி எழுதிவிட்டாய் என்றே நினைக்கிறேன், மன்னனோடு அவன் வாக்குவாதம் செய்யும் இடத்தில். அந்த நீண்ட பேச்சு தேவையே இல்லை. கயிறு போதும்.

தொழில் விஷயமாகவும் சில சொல்ல வேண்டும். தோள்பட்டையின் அகலம் மூன்று விரல்தான். அதில் மூன்று உருவங்களுக்கு மேல் வைத்தால் பத்தடி தள்ளி நின்று யாராலும் படிக்க முடியாது. விரல்நகத்தைவிடச் சிறிதாக நட்சத்திரம் தைத்தால் நூல் அதன் முனைகளை மழுக்கிவிடும். அதனால் எண்ணிக்கையைக் கூட்டாதே, வடிவத்தை மாற்று: ஒற்றை முடிச்சு, இரட்டை முடிச்சு, பின்னல். இருட்டில் தடவிப் பார்த்தும் பதவி தெரியும், உன் இரவுக் காவல் காட்சிக்கு அது உதவும். நிறத்துக்கு நீலச் சாயம் தரும் அவுரியைப் போடு. ஆற்றுவெளியில் விளையக்கூடியது, வெயிலிலும் தண்ணீரிலும் மெல்ல வெளுக்கும். புதுச் சிப்பாய் கருநீலம், பழஞ்சிப்பாய் சாம்பல் நீலம். எந்தச் சின்னமும் இல்லாமலே அனுபவம் தெரிந்துவிடும். பணக்கார அதிகாரி மட்டும் வருடா வருடம் சாயம் ஏற்றிக்கொள்வான், அதனால் அவன் எப்போதும் புதியவன் போலவே இருப்பான். சிப்பாய்களுக்கு அது எரிச்சலாக இருக்கும்.

படிகளைப் பதினான்கிலிருந்து ஒன்பதாகக் குறைக்க முடியுமா? முடிச்சு ஐந்து, தட்டு நான்கு. நாலாயிரம் பேர் கொண்ட படைக்கு அது தாராளம். சரியென்றால் உடனே எழுது, முடிச்சுகளை நிஜக் கயிற்றிலேயே போட்டுப் படம் எடுத்து அனுப்புகிறேன். தட்டுகளைக் காகிதத்தில் வரைகிறேன்.

தை பிறந்ததும் நாங்கள் ஊருக்கு வருவோம். மாமாவும் வருகிறார். உன் கோட்டைவாசலில் காவல் மாற்றும் விதம் தப்பு என்று சொல்கிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலை விட்டு விலகுகிறார்களாம். அதை நேரில் உன்னிடம் நடந்து காட்ட வேண்டுமாம், முழங்காலோடு.

அன்புடன்,
உன் தோழி