வீட்டுத் தோட்டச் சங்கம், கோவை: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஆடியில் செம்பருத்தி, நந்தியாவட்டைக் குச்சிகளைப் பகிர்ந்துகொண்டோம். இட்லிப்பூச் செடியில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று இலை மஞ்சளாவது பற்றி ஒரு கூட்டத்தில் பேசினோம். மண்ணிலும் போர்த் தண்ணீரிலும் காரத்தன்மை கூடினால் செடிக்கு இரும்புச் சத்து கிடைக்காது. அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளிக்கச் சொல்லியிருக்கிறோம்.

இந்த ஆண்டின் பெரிய வேலை, செம்பருத்தியின் சாற்றை உறிஞ்சும் வெள்ளை மாவுப்பூச்சிதான். கோவைக்கு இது புதிதல்ல. 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டதே இங்கேதான். பப்பாளியோடு நிற்காமல் செம்பருத்தி, மல்பெரி என்று பரவியது. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. கடுமையான மருந்து அடித்தால் இப்படிப்பட்ட குளவியும் சேர்ந்து சாகும். அதனால்தான் நம் தெருக்களில் அப்படிப்பட்ட மருந்து வேண்டாம் என்று முதலிலிருந்தே வற்புறுத்தினேன்.

சுருண்ட நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்தினோம். மாவுப்பூச்சி விடும் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது; எனவே எறும்பின் பாதையை அடைத்தோம். மாலை வேளையில் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் தெளித்தோம். கொஞ்ச நாள் விட்டு, மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டுகளை வாங்கிச் செடிகளில் விட்டோம். இதன் புழுவும் மாவு பூசியதுபோல் வெள்ளையாகவே இருக்கும். மாவுப்பூச்சி என்று நினைத்துச் சிலர் நசுக்கிவிட்டார்கள். உருவில் பெரிதாக, சுறுசுறுப்பாக ஊர்ந்தால் அது நம் ஆள், விட்டுவிடுங்கள்.

சேர்ந்து செய்த வீடுகளில் செம்பருத்தி மறுபடி பூக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மாவுப்பூச்சிக் குஞ்சு காற்றிலேயே மதில் தாண்டிவிடும். ஒரு வீட்டுக் கேட் பூட்டியே கிடந்தால் பக்கத்து நான்கு வீட்டு உழைப்பும் வீண். தெளிக்கும் நாளில் வராதவர்கள், தகவல் பார்த்தும் பதில் போடாதவர்கள், சந்தாவை இரண்டு ஆண்டாக நிறுத்தி வைத்திருப்பவர்கள் என்று எடுத்தால் பெரும்பாலும் அதே பெயர்கள்தான் வருகின்றன. பெயர் சொல்ல விரும்பவில்லை. அவர்கள் வீட்டுச் செடிக்கும் சேர்த்துத்தான் வண்டு வாங்கினோம்.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. தெளிப்பான் பழுது, எண்ணெய், வண்டு ஆகியவைதான் முக்கியச் செலவு. விவரம் பொருளாளரிடம் உள்ளது.

கூட்டத்துக்கு மொட்டை மாடி தந்த குடும்பத்தாருக்கும், தலைவர், பொருளாளர், தண்ணீரும் ஏணியும் தந்த அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் பொறுப்பை ஏற்கச் சொன்னால் ஏற்கிறேன். அதற்கு வெயில் ஏறுவதற்குள், மாசியிலேயே, தெருவுக்கு இரண்டு பேராவது கூட நிற்க வேண்டும். பெயர் கொடுக்கும் நோட்டு இன்று மேசைமேல் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்