மூங்கில் ஆணி

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ அனுப்பிய படக்கதையின் நான்கு அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்துவிட்டேன். உன் அம்மா ஒரு முறை புரட்டிவிட்டு, "இவன் சிரிக்கவே மாட்டானா?" என்று கேட்டாள். தம்பியைக் கொன்றவனைத் தேடி ஊர் ஊராக அலையும் அந்த சாமுராய்க்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்றும், அவனுடைய மறைவான பலவீனங்கள் என்னவாக இருக்கலாம் என்று நான் யோசித்துச் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். நூலகத்தில் உட்கார்ந்து கண்டதையும் படித்தே வேலைக்காலத்தைக் கழித்தவன் என்பதால் கேட்கிறாய் போலும்.

இடது தோளில் ஆறாத காயம், இறந்துபோன மனைவியின் நினைவு என்று நீ அவனுக்குக் கொடுத்திருக்கும் இரண்டு பலவீனங்களும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இரண்டையும் அவனே அறிவான். அறிந்த காயத்தைக் காத்துக்கொள்ளும் வித்தையைத்தானே அவன் அத்தனை ஆண்டுகள் பயின்றிருக்கிறான். தன்னிடம் இருப்பது தனக்கே தெரியாத பலவீனம் எது என்று தேடிப் பார்.

எடோ காலத்து (1603–1868) ஜப்பானில் பழிவாங்குவது, கோபம் வந்தவன் வாளை எடுத்துக்கொண்டு கிளம்புகிற காரியமாக இருக்கவில்லை. தன் பிரபுவிடம் அனுமதி பெற்று, அவர் வழியாக, நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் அரசு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொண்ட பிறகே ஒருவன் பிற பிரதேசங்களுக்குள் நுழைந்து எதிரியைத் தேட முடியும். அந்த அனுமதியும் தந்தை, அண்ணன், எஜமானர் போன்ற மூத்தோருக்காகத்தான். தம்பிக்காக அண்ணன் பழிவாங்குவதை வழக்கம் ஏற்கவில்லை. ஆகவே உன் வீரன் பழி தீர்த்த மறுகணமே, சட்டத்தின் கண்ணில் வெறும் கொலைகாரனாக நிற்பான். தன் கோபத்தின் நியாயத்தை ஊரே ஒப்புக்கொள்ளும் என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான். ஒரு அலுவலகக் குமாஸ்தா ஏட்டைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால் அவன் கதை முடிந்தது.

தம்பிக்காக அண்ணன் பழிவாங்கிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1634-இல் இகா உவேனோ என்ற ஊரின் தெருமுனையில் வத்தனாபே கசுமா தன் தம்பியைக் கொன்றவனை மறித்தான். பிரபுவின் விருப்பம் பின்னால் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. துணைக்கு வந்த அவனுடைய அக்காள் கணவர் அராகி மாதாயெமொன் பேர்பெற்ற வாள்வீரர். அவருடைய வாளே அன்று ஒரு வேலைக்காரனின் மரக்கழி பட்டு ஒடிந்துபோனதாகச் சொல்கிறார்கள். கசுமாவும் எதிரியும் வாள்சண்டையில் தேர்ந்தவர்கள் அல்லர் என்பதால், ஒருவரை ஒருவர் வீழ்த்த முடியாமல் பல மணி நேரம் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தார்களாம். உன் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே வீச்சில் ஐந்து தலைகள் உருள்கின்றன. அப்பா சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே, ஒன்றைக் குறைத்தாலும் தேவலை.

வாள் என்றதும் நீ கூர்மையையும் பளபளப்பையும் மட்டும் வரைந்திருக்கிறாய். அந்தக் கைப்பிடியைக் கொஞ்சம் உற்றுப் பார். இரண்டு பாதியாகச் செதுக்கிய மரம், அதன்மேல் திருக்கை மீனின் தோல், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய கயிறு. உள்ளே நுழைந்திருக்கும் வாளின் அடிப்பகுதியில் ஒரு துளை. அந்தத் துளையின் வழியே கைப்பிடியையும் வாளையும் சேர்த்துப் பிடித்திருப்பது மெகுகி எனப்படும், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு மூங்கில் ஆணி. அது காய்ந்து சுருங்கினாலோ விரிசல் விட்டாலோ, ஓங்கிய வாள் பிடியை விட்டுப் பறந்துவிடும். அதனால்தான் சண்டைக்கு முன் அதை எச்சிலால் ஈரப்படுத்திக்கொள்ளும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. மண்வெட்டிக் காம்பு ஆடினால் உன் தாத்தா அதை இரவெல்லாம் வாய்க்காலில் ஊறப்போடுவாரே, அதே சூட்சுமம்தான். வாளின் அலகை நாள்தோறும் துடைத்து எண்ணெய் பூசும் உன் வீரன், ஆணியைக் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தான்?

கால்களையும் மறந்துவிடாதே. இரண்டாம் அத்தியாயத்தில் அவன் எடோ நகரத்து (இன்றைய டோக்கியோ) விடுதியில் இரண்டு வருடம் தங்கி, தீட்டிய வெள்ளைச் சோறும் ஊறுகாயுமாக உண்கிறான். தவிட்டோடு போய்விடும் வைட்டமின் பி1 இல்லாமல் கால் மரத்து, வீங்கி, கடைசியில் இதயத்தையே பிடிக்கும் பெரிபெரி நோயை அந்நாளில் 'எடோ நோய்' என்றே அழைத்தார்கள். சொந்த ஊர் திரும்பினால் குணமாகிவிடுகிறது என்பதைக் கண்டார்களே தவிர காரணம் அவர்களுக்குப் புரியவில்லை. 1866-இல் இருபது வயதில் இறந்த ஷோகுன் தொகுகாவா இயெமோச்சியையும் இந்த நோயே கொண்டுபோனது என்று கருதுகிறார்கள். நம் வீட்டுப் புழுங்கல் அரிசியில் அந்தச் சத்து பெருமளவு தங்கிவிடுகிறது. நீ அங்கே என்ன சாப்பிடுகிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள். உன் வீரனுக்குப் படி ஏறும்போது முழங்கால் தளர்கிறது என்று வை. அதை அவன் களைப்பு என்றே நினைத்துக்கொள்ளட்டும்.

காலமும் அவன் பக்கம் இல்லை. ஷிபாதா பிரதேசத்துக் குமே கோதாரோ, 1817-இல் தான் சிறுவனாக இருந்தபோது தந்தையைக் கொன்றவனை 1857-இல்தான் கண்டுபிடித்தார். அதற்குள் அந்த எதிரி முதுமையடைந்து, பௌத்தத் துறவியாகியிருந்தான். 1873-இல், ஷோகுன்களுக்குப் பின் வந்த மெய்ஜி பேரரசரின் அரசு பழிவாங்கும் உரிமையையே சட்டத்தால் நீக்கியது. அன்றும் தேடிக்கொண்டிருந்தவனின் நிலையை யோசித்துப் பார்.

எனக்குத் தோன்றுகிற காட்சி இதுதான். ஒரு சிறு ஆலய வாசலில் உன் வீரன் நிற்கிறான். கதவைத் திறந்த கிழவரின் முகம் அவன் மனத்தில் சுமந்துவந்த முகமாக இல்லை, அதனால் பெயரைக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கும்போது அவன் கை தன்னையறியாமல் அந்த ஆணியைத் தடவுகிறது. கிழவர் என்ன பதில் சொல்கிறார் என்பதை நீயே எழுது. அடுத்த பிரதியில் எழுத்துகளைக் கொஞ்சம் பெரிதாக அச்சிட்டு அனுப்பு. கண்ணாடி மாற்ற இன்னும் போகவில்லை.

அன்புடன்,
அப்பா